ஒளியூக்கப் படலமும் ஆக்கும் பக்குவமும்

மண் ஒன்றே, எனினும் குயவன் அதனைப் பிசைந்து, வனைந்து, உலர்த்திச் சூளையிலிடும் பக்குவத்தைப் பொறுத்து ஒரு குடம் ஆண்டுக்கணக்கில் நீரைத் தாங்கும், மற்றொரு குடம் முதல் நாளே கசியும். வேகாத குடம் நீரில் ஊறிக் கரைகின்றது. அளவுக்கு மிஞ்சி வெந்த குடம் கோணிப் போகின்றது. ஒரு பொருளின் பயன் அப்பொருளில் மட்டுமன்றி, அதனை ஆக்கிய முறையிலும் தங்கியுள்ளது என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்களவே தடிப்புள்ள சில ஒட்சைட்டுப் படலங்களின் கதையும் இக்குடத்தின் கதையே. கண்ணுக்குப் புலனாகாத இப்படலங்கள், வெயில் பட்டவுடன், தம்மீது படியும் அழுக்கைச் சிறிது சிறிதாகச் சிதைத்து அழிக்கும் ஆற்றல் படைத்தவை. ஆயின் அவ்வாற்றல் எல்லாப் படலங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஒரே பொருளால் ஆன இரண்டு படலங்களுள் ஒன்று ஓயாது வேலை செய்ய, மற்றது வெறுங் கண்ணாடிபோலச் சும்மா கிடப்பதுண்டு. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

இத்தகைய படலங்களை ஆக்குவதற்குப் பெரிதும் பயன்படுவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் சேர்வையாகும். தைத்தேனிய உலோக அணு ஒன்றுக்கு ஒட்சிசன் அணுக்கள் இரண்டு என்ற விகிதத்தில் அமைந்தது இது. பெயர் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்திலும், தாளிலும், பற்பசையிலும் வெண்மை தருவது பெரும்பாலும் இதுவே. இலங்கை மக்களுக்கு இஃது அயலான பொருளும் அன்று. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையிற் கிடக்கும் கரிய மணலில் இல்மனைற்று, றூற்றைல் என்னும் கனியங்கள் செறிந்துள்ளன. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடிய கனியம். றூற்றைலோ தைத்தேனியம் ஈரொட்சைட்டின் இயற்கைப் பளிங்கே ஆகும்.

வெண்மைக்காக மட்டுமே மதிக்கப்பட்ட இப்பொருளின் மற்றொரு குணத்தை உலகறியச் செய்தவர்கள் யப்பானிய விஞ்ஞானிகள் இருவர். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் 1960களின் பிற்பகுதியில் ஆய்வு மாணவராயிருந்த அகிரா புஜிஷிமா என்பவர், கெனிச்சி ஹொண்டா என்னும் ஆசிரியரின் வழிகாட்டலில், றூற்றைல் பளிங்குத் துண்டொன்றை நீரில் மின்வாயாக அமைத்து அதன்மீது ஒளியைச் செலுத்தினார். பளிங்கின் மேற்பரப்பில் ஒட்சிசன் குமிழிகள் எழுந்தன. கம்பியால் அதனோடு இணைக்கப்பட்ட பிளாற்றின மின்வாயில் ஐதரசன் தோன்றிற்று. ஒளியின் துணைகொண்டு நீர் பிரிக்கப்பட்டது. இம்முடிவு 1972 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1977 இல், அமெரிக்காவில் பிராங்கு, பாட் என்னும் இருவர், இப்பொருளின் தூளை நீரிலிட்டு ஒளி படச்செய்தால், அந்நீரிலுள்ள சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு சிதைவதைக் காட்டினர். 1985 இல் மற்றும் சில யப்பானிய ஆய்வாளர், ஒளிபட்ட இத்தூள் நுண்ணுயிர்களைக் கொல்வதையும் கண்டனர். நீரைத் தூய்மை செய்வதற்குச் சூரியனையும் ஒரு வெள்ளைத் தூளையும் நம்பலாம் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

ஒளி இப்பொருளில் என்ன செய்கின்றது? தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்னை நன்கு கடத்துவதும் அன்று, அறவே தடுப்பதும் அன்று. அது குறைகடத்தி என்னும் வகையைச் சேர்ந்தது. போதிய சத்தியுள்ள ஒளி அதன்மேல் விழும்போது, கட்டுண்டிருந்த இலத்திரன் ஒன்று விடுபட்டு மேல்நிலைக்குத் தாவுகின்றது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் துளை எனப்படும். இலத்திரனும் துளையும் படலத்தின் மேற்பரப்பை அடைந்துவிட்டால், துளை அங்குள்ள நீரோடு தாக்கமுற்று ஐதரொட்சில் மூலிகம் என்னும் வீரியமிக்க துணிக்கையை ஆக்கும். இலத்திரன் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றி அதனையும் வீரியமுடையதாக்கும். எண்ணெய்ப் பசை, புகைக்கரி, நுண்ணுயிர், சாயம் முதலிய சேதனப் பொருள்கள் இவற்றின் தாக்குதலுக்கு நிற்கமாட்டா. அவை படிப்படியாகச் சிதைந்து, நிறைவான நிலையில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகின்றன. ஒட்சைட்டோ தான் குறையாமல் மீண்டும் மீண்டும் இப்பணியை ஆற்றுகின்றது. ஒளியின் துணையால் இவ்வாறு தாக்கத்தை ஊக்குவதே ஒளியூக்கம் எனப்படும்.

ஆயின் இலத்திரனும் துளையும் ஒன்றையொன்று நாடுவன. மேற்பரப்பை அடைவதற்கு முன் அவை வழியிற் சந்தித்துக் கூடிவிட்டால், பெற்ற சத்தி வெறும் வெப்பமாகி வீணாகிவிடும். ஆகவே ஒளியூக்கப் படலத்தின் வெற்றி தோல்வி முழுவதையும் ஒரு வினாவில் அடக்கிவிடலாம்: இலத்திரனும் துளையும் மேற்பரப்பை முதலில் அடைகின்றனவா, அன்றி ஒன்றையொன்று முதலில் அடைகின்றனவா? ஆக்கும் முறைகள் யாவும் இறுதியில் இவ்வொரு வினாவுக்கே விடை தேடுகின்றன.

இக்குணம் எப்போதும் வரவேற்கப்பட்டதன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வெளிச்சுவர்களிற் பூசப்பட்ட வெள்ளை வர்ணம் சில காலத்திற் பொடிந்து, தொட்ட கையில் மாவுபோல ஒட்டுவதற்கு ஒரு காரணம், அதிலுள்ள தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெயிலின் துணையோடு தன்னைச் சுற்றியுள்ள பசையைத் தின்றுவிடுவதேயாகும். இதனைத் தடுக்கும் பொருட்டு வர்ணம் செய்வோர் பெரும்பாலும் றூற்றைல் வடிவத்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு துணிக்கையின்மீதும் சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் போர்வையிடுகின்றனர். ஓரிடத்தில் அடக்கவேண்டிய குறையாயிருப்பது வேறோரிடத்தில் வளர்க்கவேண்டிய குணமாகின்றது. அடக்குவதும் வளர்ப்பதும் ஆக்கும் முறையின் கையிலேயே உள்ளன.

தூளாகவே பயன்படுத்தாமல் படலமாக்குவது எதற்காக என்று கேட்கலாம். தூளை நீரிற் கலந்தால் வேலை விரைவில் முடியும்; ஆனால் முடிந்தபின் அத்துணை நுண்ணிய தூளை நீரிலிருந்து வடித்தெடுப்பது பெரும் பாடு. படலமோ கண்ணாடியிலோ ஓட்டிலோ ஒட்டியபடியே இருக்கும். நீரும் காற்றும் அதனைத் தொட்டுச் செல்லும். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கலங்கிய தூளின் பரப்பு மிகப் பெரிது; படலத்தின் பரப்பு சிறிது. கிடைத்த சிறு பரப்பை முழுதும் பயன்படச் செய்வதிலேதான் கைத்திறன் வேண்டியிருக்கின்றது.

அக்கைத்திறனின் முதற்கூறு பளிங்கு வடிவம். தைத்தேனியம் ஈரொட்சைட்டில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கலாம். அந்நிலை பளிங்குருவற்ற நிலை எனப்படும். அவை ஒழுங்காக அடுக்கப்பட்டால் அனற்றேசு, றூற்றைல் என்னும் வடிவங்கள் தோன்றுகின்றன. ஒழுங்கற்ற படலத்தில் குறைபாடுகள் மலிந்திருப்பதால், இலத்திரனும் துளையும் அவற்றிற் சிக்கிக் கூடிவிடுகின்றன. படலம் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றது. அனற்றேசைத் தூண்டுவதற்கு 388 நனோமீற்றர் அளவுக்கு அல்லது அதற்குக் குறைந்த அலைநீளமுள்ள ஊதாக் கடந்த கதிர் வேண்டும்; றூற்றைலுக்கு 413 நனோமீற்றர் வரையிலுள்ள ஒளியே போதும். ஒளியைக் கவர்வதில் றூற்றைல் சற்று முந்தினும், செயலில் அனற்றேசே பொதுவாக முந்தி நிற்கின்றது. அதனுள் இலத்திரனும் துளையும் கூடாமல் நெடுநேரம் பிரிந்திருப்பது அதற்கொரு காரணம். இரண்டும் அளவாகக் கலந்த தூளும் சிறப்பாகச் செயற்படுவதுண்டு. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் ஒப்பீட்டுக்கு எடுக்கப்படும் ‘பீ 25’ என்னும் தூளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அனற்றேசும் ஐந்தில் ஒரு பங்கு றூற்றைலும் உள்ளன. அது தைத்தேனியம் நாற்குளோரைட்டின் ஆவியைச் சுவாலையில் நீராவியோடு தாக்கமுறச் செய்து பெறப்படுவது.

இனி ஆக்கும் முறைகளை நோக்குவோம். எளிதிற் கையாளத்தக்கது, கூழ்க்கரைசல் களியாகும் முறை. விஞ்ஞானிகள் இதனைச் சோல்–ஜெல் முறை என்பர். தைத்தேனியத்தைக் கொண்ட சேதனச் சேர்வையொன்றை மதுசாரத்திற் கரைத்து, சிறிது அமிலமும் அளவான நீரும் சேர்ப்பார்கள். நீர் பட்டதும் அச்சேர்வை பிரிந்து, தைத்தேனியமும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த வலைபோன்ற அமைப்பு உருவாகத் தொடங்கும். நீர் மிகுந்தால் வெண்மையான வீழ்படிவு திரண்டு கரைசல் கெட்டுவிடும்; நீரும் அமிலமும் அளவோடிருந்தால் தெளிந்த கூழ்க்கரைசல் நாட்கணக்கில் நிலைக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் அச்சேர்வை உறிஞ்சித் தாக்கமுறும். ஆதலின் மாரிகாலத்துக்கும் கோடைக்கும் ஒரே அளவு பொருந்தாது.

கரைசலினுள் கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி ஒரே சீரான வேகத்தில் மேலே தூக்குவார்கள். விரைவாகத் தூக்கினால் தடித்த படலமும், மெதுவாகத் தூக்கினால் மெல்லிய படலமும் கிடைக்கும். இவ்விடத்தில் ஆசை மிகுந்து ஒரே முறையில் தடிப்பாகப் பூசிவிட முயன்றால், மதுசாரம் ஆவியாகும்போது படலம் சுருங்கி, வற்றிய குளத்தின் சேறுபோல வெடித்துவிடும். ஆகவே மெல்லியதாகப் பூசி, உலர்த்திச் சுட்டு, அதன்மேல் மீண்டும் பூசுவதே வழக்கம்.

அடுத்து வருவது சூடு. ஏறக்குறைய 400 முதல் 500 பாகை செல்சியசு வரையில் வெப்பமேற்றும்போது, எஞ்சிய சேதனப் பொருள்கள் எரிந்து அகல, அனற்றேசுப் பளிங்குகள் நுண்ணியனவாக முளைக்கின்றன. சூடு குறைந்தால் பளிங்கு முளையாது. கரிப்பொருளும் உள்ளே தங்கிவிடும். 600 பாகையைக் கடந்து சூடு ஏற ஏறப் பளிங்குகள் ஒன்றோடொன்று கூடிப் பெருக்கின்றன. இடையிலுள்ள நுண்துளைகள் அடைபடுகின்றன. அனற்றேசு படிப்படியாக றூற்றைலாக மாறுகின்றது. மாறிய பின் அது குளிர்ந்தாலும் மீண்டும் அனற்றேசாவதில்லை. இம்மாற்றம் நிகழும் வெப்பநிலை, கலந்துள்ள மாசு, பளிங்கின் பருமன் முதலியவற்றைப் பொறுத்து வேறுபடும்.

சூட்டின் அளவு சரியாயிருந்தும் படலம் வேலை செய்யாதுபோன அனுபவம் ஆய்வாளர் பலருக்கு உண்டு. இதற்குரிய காரணத்தை 1990களில் அமெரிக்காவின் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் அடம் ஹெல்லரும் அவரோடு பணியாற்றியோரும் ஆராய்ந்து வெளியிட்டனர். யன்னற் கண்ணாடியில் சோடியம் நிறைய உண்டு. படலத்தைச் சுடும்போது அச்சோடியம் கண்ணாடியிலிருந்து மேலெழுந்து படலத்தினுட் புகுகின்றது. புகுந்த சோடியம் அனற்றேசுப் பளிங்கு உருவாவதைத் தடுப்பதோடு, இலத்திரனும் துளையும் கூடுவதற்கு இடமும் அளிக்கின்றது. சோடியமற்ற சிலிக்காக் கண்ணாடியில் இதே கரைசலைப் பூசிச் சுட்டால் படலம் நன்றாக வேலை செய்யும். நோய் தெரிந்தபின் மருந்து எளிது: கண்ணாடிக்கும் படலத்துக்கும் இடையே மெல்லிய சிலிக்காப் படை ஒன்றை முதலிற் பூசிவிட்டால் சோடியம் மேலேற வழியில்லை. கரைசலிலோ சூட்டிலோ பிழை தேடிய காலத்தில் பிழை இருந்த இடம் அடியிலிருந்த கண்ணாடி. படலத்தை ஆக்கும் முறையென்பது அது தங்கும் தளத்தையும் உள்ளடக்கியதே என்பதற்கு இது தக்க சான்று.

தடிப்பும் துளைகளும் அடுத்துக் கருதவேண்டியவை. மிக மெல்லிய படலம் விழும் ஒளியின் சிறு பகுதியையே கவர்கின்றது. தடிப்புக் கூடக் கவர்வதும் செயலும் கூடும். ஆயின் ஓர் அளவுக்குப் பின் தடிப்பைக் கூட்டுவதாற் பயனில்லை. அடியாழத்தில் தோன்றிய இலத்திரனும் துளையும் மேற்பரப்புக்கு வந்துசேர்வதற்கு முன்னரே கூடிவிடும். படலத்தினுள் நுண்துளைகள் இருந்தால் அழுக்குக்கும் நீருக்கும் உள்ளே செல்ல வழி கிடைக்கும். செயற்படும் பரப்பும் பெருகும். இதற்காகக் கரைசலில் எரிந்துபோகக்கூடிய நீண்ட மூலக்கூற்றுப் பொருளொன்றைக் கலப்பதுண்டு; சுடும்போது அது எரிந்து மறைய, அது இருந்த இடம் துளையாகின்றது. ஆனால் துளை மிகுந்த படலம் வலிவு குறைந்தது; துடைத்தாலும் உரசினாலும் தேயும். செயலும் உறுதியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன.

கைத்தொழிலில் இவ்விழுபறி எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதற்கு இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த தன்னைத்தானே தூய்மை செய்யும் யன்னற் கண்ணாடி நல்ல உதாரணம். அங்கே கூழ்க்கரைசல் முறை கைக்கொள்ளப்படவில்லை. உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மீது மிதந்து தட்டையாகி நகரும் ஆலையிலேயே, கண்ணாடி இன்னும் கொதிநிலை தணியாதிருக்கையில், தைத்தேனியச் சேர்வையின் ஆவி அதன்மீது செலுத்தப்படுகின்றது. ஆவி கண்ணாடியின் சூட்டினாற் சிதைந்து, ஒட்சைட்டுப் படலமாகப் படிந்து இறுகுகின்றது. இஃது ஆவியிலிருந்து இரசாயனப் படிவாக்கும் முறையாகும். தனியே ஒரு சூளை வேண்டியதில்லை. பூச்சும் சூடும் ஒரே வேளையில் முடிந்துவிடுகின்றன. அப்படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 15 நனோமீற்றர் மட்டுமே. ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர் என்பதை எண்ணினால் அதன் மென்மை விளங்கும். ஆய்வுகூடத்தில் கூழாகப் பூசிய தடித்த படலங்களோடு ஒப்பிட்டால் இதன் ஒளியூக்க வேகம் குறைவே. எனினும் இது தெளிவானது, கீறலுக்கு அஞ்சாதது, தகட்டுக்குத் தகடு மாறாதது. ஆண்டுக்கணக்கில் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கவேண்டிய யன்னலுக்கு வேகத்தினும் உறுதியே முதன்மையானது எனத் தீர்மானித்து ஆக்கப்பட்ட படலம் இது.

இவ்வகை யன்னல்களுக்கு அழுக்கைச் சிதைக்கும் குணத்தோடு மற்றொரு குணமும் துணைநிற்கின்றது. வெயில் பட்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டின்மேல் நீர் துளிதுளியாக நில்லாமல் மெல்லிய தகடுபோலப் பரவி வழிவதை 1997 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். இதனால் சிதைந்து தளர்ந்த அழுக்கை மழைநீர் ஒரே வீச்சிற் கழுவிச் செல்கின்றது. மழையே படாத இடத்தில் இப்பயனில் ஒரு பாதி கிட்டாது.

வேறு முறைகளும் உள. சூடேற்றிய தளத்தின்மீது கரைசலை நுண்துளிகளாகத் தெளித்துச் சுடும் முறை செலவு குறைந்தது. பெரும் பரப்புகளுக்கு ஏற்றது. ஆயின் துளியின் பருமனும் தளத்தின் சூடும் சற்று மாறினாலும் படலம் திட்டுத்திட்டாக அமையும். வெற்றிடக் கலத்தினுள் தைத்தேனியத் தகட்டை ஆகன் வாயுவின் அயன்களால் மோதி, அணுக்களைச் சிதறடித்து, அவற்றை ஒட்சிசனோடு சேர்த்துப் படியச்செய்யும் முறை மற்றொன்று. இதனாற் பெறும் படலம் இறுக்கமானது. தளத்தோடு உறுதியாகப் பற்றியிருப்பது. கலத்தின் அமுக்கம் குறைந்தால் அணுக்கள் வேகத்தோடு வந்து நெருங்கிப் படிகின்றன. அமுக்கம் கூடினால் இடைவெளியோடு படிகின்றன. தளம் குளிர்ந்திருந்தால் படலம் பெரும்பாலும் பளிங்குருவற்றதாகவே அமையும், பின்னர்ச் சுடவேண்டியிருக்கும். அணுப்படையின்மேல் அணுப்படையாக அடுக்கும் முறையும் உண்டு. ஒருமுறை தைத்தேனியச் சேர்வையின் ஆவியையும், அடுத்து நீராவியையும் மாறிமாறிச் செலுத்த, ஒவ்வொரு சுற்றிலும் நனோமீற்றரின் பத்திலொரு பங்கிலும் குறைவான படிவே சேரும். எத்துணைச் சிக்கலான குழிவிலும் நெளிவிலும் ஒரே சீராகப் படிவது இதன் சிறப்பு. மந்தமும் செலவும் இதன் குறைகள்.

சுடமுடியாத தளங்களுக்கு என் செய்வது? பிளாத்திக்குத் தகடு 500 பாகைச் சூட்டைத் தாங்காது. ஆகவே முன்னரே பளிங்காக்கப்பட்ட நுண்துணிக்கைகளை ஏதேனும் பசையிற் கலந்து பூசுகின்றனர். இங்கே இரண்டு இடர்கள் எதிர்ப்படுகின்றன. பசை மிகுந்தால் துணிக்கைகள் அதனுட் புதைந்து, காற்றையும் நீரையும் தொடமுடியாமற் கிடக்கும். பசை சேதனப் பொருளாயின் துணிக்கைகள் அதனையே தின்று, பூச்சு பொடியாய் உதிரும்; அடியிலுள்ள பிளாத்திக்கும் அரிக்கப்படும். எனவே சிலிக்கா போன்ற அசேதனப் பசையும், பிளாத்திக்கைக் காக்கும் இடைப்படையும் வேண்டப்படுகின்றன. சுவருக்கும் துணிக்கும் பூசுவதற்கென விற்கப்படும் பூச்சுகளுட் பல இவ்வகையைச் சேர்ந்தவை. பொருளின் பெயர் ஒன்றாயிருந்தும் பயன் பெரிதும் வேறுபடுவதும் இவ்வகையிலேதான்.

கண்ணுக்குத் தெரியாத படலம் வேலை செய்கின்றதா இல்லையா என்பதை அறிவது எவ்வாறு? ஸ்தியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தை மெல்லியதாகப் பூசி, ஒளி படச்செய்து, அது குறைந்துவருவதைச் செங்கீழ்க் கதிர்களால் அளப்பது ஒரு முறை. விரற்சுவட்டின் எண்ணெய்ப் பசைக்கு அது தக்க பிரதிநிதி. மெதிலீன் நீலம் என்னும் சாயத்தின் நிறம் மங்குவதைப் பார்ப்பது மற்றொரு முறை. இதற்குரிய சர்வதேச நியமம் 2010 இல் வெளிவந்தது. இம்முறையில் ஏமாற இடமுண்டு. சாயம் ஒளியில் தானாகவே மங்கலாம். படலத்தில் ஒட்டிக்கொள்வதாலும் நீரின் நிறம் குறையலாம். ஆதலின் பூசாத கண்ணாடியை ஒளியிலும், பூசிய கண்ணாடியை இருளிலும் வைத்து ஒப்பிடாத சோதனை சோதனையாகாது. ரெசசூரின் என்னும் சாயங் கலந்த மையைப் படலத்தின்மீது தீட்டி, ஒளியில் நீலம் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணாலேயே கண்டறியும் முறையும் உண்டு. விலையுயர்ந்த கருவி வேண்டாத இச்சோதனை சில நிமிடங்களில் முடிவது.

இவ்வளவு நுட்பங்களையும் பொதுமக்கள் அறியவேண்டுவதன் காரணம் யாதெனின், இத்தகைய பூச்சுகள் இன்று ஆய்வுகூடத்தைக் கடந்து சந்தைக்கு வந்துவிட்டன. காற்றைத் தூய்மை செய்யும் எனவும், கிருமிகளைக் கொல்லும் எனவும் கூறி அவை விற்கப்படுகின்றன. கூற்று முழுப் பொய்யன்று. ஆனால் அது நிபந்தனையோடு கூடிய உண்மை. சூரிய ஒளியின் சத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு மேற்படாத ஊதாக் கடந்த கதிரே அனற்றேசைத் தூண்டவல்லது. வீட்டினுள் எரியும் இக்கால வெள்ளொளி விளக்குகளில் அக்கதிர் இல்லையென்றே சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் செயற்படுமாறு ஒட்சைட்டில் நைதரசனைச் சேர்க்கும் வழியை 2001 இல் யப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். எனினும் அவ்வாறு சேர்க்கப்படாத சாதாரணப் பூச்சு அறையின் இருண்ட மூலையில் செயலற்றதே. மேலும், அரைகுறையாக வேலை செய்யும் படலம் வேலை செய்யாத படலத்தினும் தீயதாகலாம். மதுசார ஆவியை அது முற்றாகச் சிதையாமல் பாதியில் விட்டால், அசற்றல்டிகைட்டு என்னும் உறுத்தும் ஆவி அறையில் தங்கும். தூய்மை செய்ய வந்தது மாசு செய்ததாக முடியும். நீரைப் பொறுத்தவரை தீங்கு இதனினும் பெரிது. தூய்மையானதென நம்பிக் குடிக்கும் நீர் தூய்மையற்றதாயின், அந்நம்பிக்கையே நோய்க்கு வாயிலாகிவிடும்.

ஆகவே ஒளியூக்கப் பூச்சொன்றை மதிப்பிடுவோர், அதில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உண்டா என்று கேட்பதோடு அமையலாகாது. அஃது எவ்வடிவப் பளிங்கு, எவ்வளவு சூட்டிற் சுடப்பட்டது, எத்தளத்தின்மேல் எவ்விடைப்படையோடு பூசப்பட்டது, எவ்வொளியில், எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடிய பூச்சு, ஒரு கலன் கூழ்க்கரைசலும் ஒரு சிறு சூளையும் உள்ள எளிய ஆய்வுகூடத்திலிருந்து வந்தாலும் நம்பத்தக்கது. கூறமுடியாதது, எத்துணை அழகிய பெட்டியில் வந்தாலும் ஐயத்துக்குரியது. ஆண்டு முழுவதும் வெயில் குறையாத நாடுகளுக்கு இப்படலங்கள் பெரிதும் பயன்படத்தக்கவை. மூலப்பொருள் மணலிற் கிடைக்கின்றது. சத்தியைச் சூரியன் விலையின்றித் தருகின்றது. எஞ்சியிருப்பது பக்குவம், அதனைப் பொறுமையோடு கற்றுக் கைக்கொள்வோருக்கே இப்பொருள் பயன் தரும்.